வெள்ளைத் தூளும் கறுப்பு ரப்பரும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை வார்க்கும் பட்டறைகளில் ஒரு பொருளைத் தவறாமல் பார்க்கலாம்: பிசுபிசுப்பான, நிறமற்ற திரவமான சோடியம் சிலிகேட். வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் நீர்விட்டு பால் மில்லில் அரைத்தால் கெட்டியான குழம்பு கிடைக்கும். பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டுமானால் அது இளக வேண்டும். இளக்குவதற்கு நீரைக் கூட்டினால் காயும்போது பொம்மை சுருங்கி வெடிக்கும். ஆகவே கிலோவுக்குச் சில கிராம் சோடியம் சிலிகேட் சேர்க்கிறார்கள். ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்த களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் பெற்று விலகுகின்றன. ஒரு சொட்டு நீர் கூடாமலே குழம்பு ஓடத் தொடங்குகிறது.

இதே சோடியம் சிலிகேட் இன்னொரு வகைத் தொழிற்சாலைக்கும் போகிறது. அங்கே அதில் கந்தக அமிலத்தைச் சேர்க்கிறார்கள். பால்போல் திரண்டு, வெண்ணிறப் பொடி படிகிறது. கழுவி உலர்த்தினால் சிலிகா. மணலிலும் குவார்ட்ஸிலும் இருப்பது எதுவோ அதுதான் இதிலும் இருக்கிறது; ஆனால் துகள் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு நுண்மையானது. இன்று நல்ல கார் டயர் எதை எடுத்தாலும் சாலையைத் தொடும் ரப்பரில் இந்தப் பொடி கிலோ கணக்கில் கலந்திருக்கிறது. மிஷலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, யோகோஹாமா அட்வான், எம்.ஆர்.எஃப். பெர்ஃபின்சா, அப்போலோ கையில் இருக்கும் விரெடெஸ்டெய்ன் என்று விலை கூடிய டயர்களில் எது மேல் என்று கார்ப் பிரியர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையின் வேர் பெரும்பாலும் இந்த வெள்ளைத் தூளை யார் எப்படிக் கலந்தார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓடும் காரில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். ஒன்றரை டன் காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகள். பள்ளிக்கூட இயற்பியலில் உராய்வு எளிமையானது: எடையை ஒரு மாறிலியால் பெருக்கினால் விடை. ரப்பர் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. அது இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று ஒட்டுதல்: ரப்பர் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டி, இழுபட்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டுகின்றன. மற்றொன்று ஹிஸ்டெரிசிஸ். தார்ச்சாலையில் துருத்தி நிற்கும் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் அழுந்துகின்றன. ரப்பர் நெளிந்து, பின் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அந்த இழப்புதான் காரை நிறுத்தும் விசையாகிறது.

மழை பெய்ததும் நிலைமை மாறுகிறது. மெல்லிய நீர்ப்படலம் நடுவில் புகுந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடும். ஜல்லி முனைகள் அந்தப் படலத்தைத் துளைத்து மேலெழுந்து நிற்பதால் ஹிஸ்டெரிசிஸ் தப்பிப் பிழைக்கிறது. ஆகவே ஈரத்தில் நம்மைக் காப்பாற்றுவது டயர் மட்டுமல்ல, சாலையின் சொரசொரப்பும்தான். இதைச் சோதிப்பதற்கு வாகன ஆய்வுத் தடங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: செராமிக் ஓடு பதித்த பாதையில் நீரைப் பாயவிட்டு அதன்மேல் காரை ஓட்டி பிரேக் போடுவது. வழவழப்பான ஓட்டில் துருத்தும் முனை இல்லை, நீர் இருப்பதால் ஒட்டுதலும் இல்லை. உராய்வு கிட்டத்தட்டப் பனிக்கட்டி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே முப்பதாயிரம் ரூபாய் டயரும் மூவாயிரம் ரூபாய் டயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வழுக்கும். ஏ.பி.எஸ். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிடக் கொடிய தரை தேவையில்லை. குளியலறைக்கு ஓடு வாங்கும்போது கிளேஸ் பளபளப்பைத் தேடாமல் சொரசொரப்பைத் தேடச் சொல்வதும் இதே இயற்பியல்தான்.

ஆற்றலை நன்றாக விழுங்கும் ரப்பர் நன்றாகப் பிடிக்கும் என்றால், அதிகம் விழுங்குவதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். சிக்கல் இருக்கிறது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அழுந்தி மீள்கிறது. அப்போதும் அதே ரப்பர் ஆற்றலை விழுங்கினால் பெட்ரோல் வீணாகும், டயர் சூடாகும், பட்டன் எனப்படும் மேல்ரப்பர்க் கட்டங்கள் சீக்கிரம் தேயும். பிடிப்பு, எளிதாக உருளுதல், ஆயுள் ஆகிய மூன்றையும் டயர்த் தொழிலில் மந்திர முக்கோணம் என்கிறார்கள். ஒரு முனையை இழுத்தால் மற்ற இரண்டும் சுருங்கும். பல பத்தாண்டுகள் டயர்ப் போட்டி என்பது இந்த முக்கோணத்தில் எந்த முனைக்கு நெருக்கமாக நிற்பது என்ற தேர்வு மட்டும்தான். கலவையில் யாரும் பெரிதாக முன்னேறவில்லை, இடம் மாறிக்கொண்டிருந்தார்கள்.

வெளியேற வழி அதிர்வெண்ணில் இருந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் டயர் விநாடிக்குப் பதினொரு முறை சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் நெளிவது அந்த வேகத்தில்தான். பிரேக் போட்டு வழுக்கும்போது கதை வேறு. விநாடிக்கு இரண்டு மீட்டர் வழுக்கினாலே, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் முனைகள் ரப்பரை விநாடிக்கு இரண்டாயிரம் முறை குத்துகின்றன. ஜல்லியின் மேற்பரப்பிலுள்ள நுண்முனைகள் லட்சக்கணக்கான முறை. ஆக, மெதுவான நெளிவில் ஆற்றலைத் திருப்பித் தந்து, வேகமான நெளிவில் அதை விழுங்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. ரப்பருக்கு வேகமும் குளிரும் ஒன்றுபோலத்தான். வேகமாகக் குத்தினால் அது குளிர்ந்த ரப்பரைப் போல விறைக்கும். ஆகவே ஆய்வகத்தில் லட்சம் முறை குத்த வேண்டியதில்லை. சிறு துண்டை விநாடிக்குப் பத்து முறை நெளித்து, 0 டிகிரியில் ஏற்படும் இழப்பைப் பார்த்தால் ஈரப்பிடிப்பு எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம். 60 டிகிரி இழப்பு உருளும் தடையைச் சொல்லிவிடும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் சிறிதாகவும் இருக்க வேண்டும். டயர் நிறுவன ஆய்வகங்களின் பெரும்பாடு இந்த இரண்டு எண்களைச் சுற்றியே.

கரித்தூளால் இதைச் செய்ய முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ரப்பருக்கு வலு சேர்த்தது கார்பன் பிளாக். டயர் கறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். அதன் துகள்கள் ரப்பருக்குள் ஒன்றோடொன்று தொற்றி வலைபோல் பின்னிக்கொள்ளும். டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வலை அறுந்து அறுந்து சேர்வதால் வெப்பம் பிறக்கிறது. சிலிகாவுக்கு மாறலாம் என்றால் வேறு தொல்லை. டயரில் போடும் சிலிகாவின் ஒரு கிராமுக்குள் சுமார் 160 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. சென்னைக் கணக்கில் முக்கால் கிரவுண்டு. அந்தப் பரப்பு முழுக்க நீரை விரும்பும் குழுக்கள். ரப்பரோ எண்ணெய்க் குணம். இரண்டும் ஒட்டாமல் சிலிகா கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். களிமண் துகள்களை விலக்க விருத்தாசலத்தில் படும் பாட்டுக்கு இது பங்காளி.

இங்கே சிலேன் என்ற சேர்மம் வந்தது. அதன் ஒரு முனை சிலிகாவோடு பிணையும். மறுமுனையில் கந்தகம், அது ரப்பரோடு பிணையும். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனத்தின் ரொலான் ரோலின் இதை ஒரு புதிய வகை செயற்கை ரப்பரோடு சேர்த்துக் காரின் டயருக்கு ஏற்ற கலவையாக்கினார். 1992இல் பச்சை டயர் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஈரப்பிடிப்பு குறையாமல் உருளும் தடை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முக்கோணம் உண்மையிலேயே பெரிதானது. இந்தக் கலவையைச் செய்வது சமையலைவிட நுட்பமானது. கலக்கும் எந்திரத்துக்குள்ளேயே வேதிவினை நடந்தாக வேண்டும். சூடு குறைந்தால் சிலேன் சிலிகாவோடு பிணையாது. கூடினால் கந்தகம் அவசரப்பட்டு ரப்பரை முன்கூட்டியே இறுக்கிவிடும். இடையில் உள்ள சில டிகிரிகளுக்குள் எத்தனை நிமிடம் வைக்கிறார்கள் என்பதுதான் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம். பட்டன் வடிவத்தைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். இதை டயரை அறுத்துப் பார்த்தாலும் முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது.

சிலிகா இன்னொரு வம்பையும் கூட்டிவந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்வது எந்தக் குணத்துக்காகவோ, அந்தக் குணம் டயரில் வேண்டாத விருந்தாளி. சிலிகா மின்சாரத்தைக் கடத்தாது. கரித்தூள் நிறைந்த பழைய டயர், கார் ஓடும்போது சேரும் நிலைமின்னைத் தரைக்கு இறக்கிவிடும். சிலிகா நிறைந்த டயரில் அது தங்கிவிடும். கதவைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். அதனால் பல டயர்களில் நடுவே ஒரு மெல்லிய கரித்தூள் ரப்பர்ப் பட்டை, உள்ளிருந்து தரைவரை, மின்னை இறக்குவதற்கென்றே ஓடுகிறது. சிம்னி என்பது அதன் பெயர்.

சரி, எது மேல்? தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்தக் கேள்வியில் உரிமையும் ஆசையும் அதிகம். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட், ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷலின். உலகப் போட்டியாளர்கள் பலர் ஒரே மாநிலத்தில் டயர் சுடுகிறார்கள். பந்தயத்திலும் சளைக்கவில்லை. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் தேசிய ராலிகளில் எம்.ஆர்.எஃப். அணியும் ஜே.கே. அணியும் நேருக்கு நேர் மோதின. கௌரவ் கில் 2013, 2016, 2017இல் எம்.ஆர்.எஃப். அணிக்காக ஆசிய-பசிபிக் ராலிப் பட்டம் வென்றார். 2022இல் ஸ்பெயினின் எஃப்ரென் யரேனா அதே அணியில் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை எடுத்தார். ஆனால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் நடக்கும் வட்டப் பந்தயங்களில் பெரும்பாலும் ஒரு தொடருக்கு ஒரே டயர்தான்: எம்.ஆர்.எஃப். தொடரில் எல்லாருக்கும் எம்.ஆர்.எஃப்., ஜே.கே. தொடரில் எல்லாருக்கும் ஜே.கே. வென்ற டயர் எது என்று கேட்டால் தோற்ற டயரும் அதுதான். விளம்பரப் பலகையில் இந்த விவரம் இருக்காது.

வட்டப் பந்தயத்திலும் டயர்கள் உண்மையிலேயே மோதிய களம் ஒன்று இருந்தது, அதில் ஒரு தமிழர் சாட்சியும் உண்டு. 2005 ஃபார்முலா ஒன் பருவத்தில் மிஷலினும் பிரிட்ஜ்ஸ்டோனும் எதிரெதிரே நின்றன. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது என்பது அந்த ஆண்டு விதி. மொத்தம் 19 பந்தயங்கள். 18ஐ மிஷலின் டயர்கள் வென்றன. எது மேல் என்று அன்று எவரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள். மிஞ்சியது ஜூன் 19, இண்டியானாபொலிஸ்.

அந்தத் தடத்தின் பதின்மூன்றாம் வளைவு சாய்வானது, அதை முழு வேகத்தில் எடுக்க வேண்டும். சாய்வில் கார் பக்கவாட்டில் மட்டுமல்ல, கீழ்நோக்கியும் அழுத்தப்படுகிறது. பந்தயத்துக்கு முன்பு தடத்தைப் புதிதாகப் போட்டு, வைரச் சக்கரத்தால் வரிவரியாகக் கீறியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடது பின்டயர் அந்த வளைவில் சிதைந்து கார் சுவரில் மோதியது. மிஷலின் பொறியாளர்கள் சோதித்துவிட்டு, கொண்டுவந்த டயர்கள் அந்தச் சுமையில் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வளைவு கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஞாயிறன்று இருபது கார்களும் வரிசைக்கு வந்தன. அறிமுகச் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்ட பதினான்கு கார்களும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. மீதி ஆறு: ஃபெராரி, ஜோர்டான், மினார்டி, எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன். பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே தடத்தில் இண்டிகார் பந்தயங்களுக்கு டயர் தந்துவந்தது. அந்தப் புதுத் தரையைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். ஜோர்டானில் ஓடிய கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. ஆறு கார்கள்தானே ஓடின என்று கேலி பேசியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. டயரும் காரின் பகுதிதான். தாங்கும் டயரோடு வந்தவர் ஓடினார்.

இங்கே தோற்றது மேல்ரப்பரின் பிடிப்பு இல்லை. மிஷலினின் பிடிப்புக்கு ஈடே கிடையாது என்று மற்ற பந்தயங்கள் காட்டின. தோற்றது டயரின் உடல்: பக்கச்சுவரும் உள்நூல்களும். டயர் ஒப்பீடு என்றால் மேல்ரப்பரை ஒப்பிடுவது என்று நினைப்பவர்கள் மறக்கும் பாதி அது. 18 தடங்களில் சிறந்த டயர் பத்தொன்பதாவது தடத்தில் ஒரேயொரு வளைவுக்கு ஆகவில்லை. சாலையைச் சொல்லாமல் எது மேல் என்று கேட்டால் கேள்வியே முடியவில்லை என்று பொருள்.

சாலையைச் சொல்லித்தான் நல்ல பத்திரிகைகள் சோதிக்கின்றன. ஒரே கார், ஒரே அளவு, ஒரே ஓட்டுநர், முடிந்தவரை ஒரே நாள். காலையில் தடம் குளிர்ந்திருக்கும், மதியம் சுடும். ஆகவே ஒரு பொது டயரை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் திரும்பத் திரும்ப ஓட்டி, தடம் எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டு மற்ற எண்களைத் திருத்துவார்கள். இது செய்யாத ஒப்பீட்டை நம்ப வேண்டியதில்லை; யூடியூபில் நண்பர் சொல்வது அவருடைய தேய்ந்த பழைய டயரையும் இன்று மாட்டிய புதிய டயரையும் ஒப்பிடுவதுதான். ஈரத்தில் புதிய டயர் பெரும்பாலும் தேய்ந்த டயரைவிட நன்றாகவே இருக்கும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பதும் எல்லாம் ஒரே மதிப்புடையது அல்ல. 225/45 ஆர்17 91 டபிள்யூ என்றால் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது. டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர். நம் சாலைகளில் அந்த வேகம் யாருக்கும் வாய்க்காது. ஆனாலும் அந்த எழுத்துக்கு உறுதியான உடல் வேண்டும் என்பதால் மறைமுகமாக அது ஏதோ சொல்கிறது. அமெரிக்க முறையின் ட்ரெட்வேர் எண்ணை நிறுவனங்களே தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களுக்குள் ஒப்பிட உதவும், இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே பெரிதாக நம்ப முடியாது. ஐரோப்பாவின் லேபிளில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. மணிக்கு 80இலிருந்து 20க்கு ஈரத்தில் இறங்க எவ்வளவு தூரம் என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில் ஏ.ஐ.எஸ்.-142 என்ற விதி ஈரப்பிடிப்பு, உருளும் தடை, ஒலி மூன்றுக்கும் வரம்பு வைக்கிறது. தேறியதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். எவ்வளவு நன்றாகத் தேறியது என்று சொல்லாது. என் பார்வையில் அது போதாது.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போய் நான்குவழிச் சாலையில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். சித்திரையில் தார் கொதிக்கும். அப்போது இந்த விலை கூடிய டயர்கள் எல்லாம் தமக்குப் பிடித்த வெப்பத்தில்தான் இருக்கும். உலர்ந்த சாலையில் அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் நீங்கள் ஓட்டும் வேகத்தில் தெரியவே தெரியாது. ஐரோப்பியச் சோதனைகளில் குளிர்ந்த காலையில் மதிப்பெண் இழந்த டயரை இங்கே அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஏழு டிகிரி போன்ற குளிர் நம் சமவெளிக்கு வருவதில்லை. வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு உண்மையான தேர்வு.

மூன்று மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில் 20 சென்டிமீட்டர் அகல டயர் மணிக்கு 80இல் ஓடினால் விநாடிக்குச் சுமார் 13 லிட்டர் நீரை வழியிலிருந்து தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் நீரின்மேல் ஏறி மிதக்கிறது; ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், அப்போது கார் உங்களுடையது அல்ல. 1960களில் அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்ன் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து, மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்று காட்டினார். 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர்; 24க்குக் காற்று இறங்கினால் 82. இது மொட்டை டயருக்கான கணக்கு. ஆழமான பள்ளங்கள் உள்ள டயர் நீருக்கு வழிவிட்டு அந்த வேகத்தைத் தள்ளிப்போடும். ஆக, உலகின் சிறந்த சிலிகாக் கலவையும் இரண்டு மில்லிமீட்டர் பட்டனில் நின்றால், புதிய சாதாரண டயரிடம் தேங்கிய நீரில் தோற்றுப்போகும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதும் ஐப்பசி மழை அனுமதிப்பதும் வேறுவேறு.

தீர்ப்பு இதுதான். விலை கூடிய டயர்களுக்குள் தேர்ந்தெடுக்கும்போது உலர்ந்த சாலை எண்களை ஒதுக்கிவிட்டு ஈரத்தில் பிரேக் தூரத்தையும் நீரில் மிதக்கும் வேகத்தையும் மட்டும் பாருங்கள். அந்த இரண்டிலும் முன்னிற்கும் மூன்று நான்கில் எது மலிவோ, எது பக்கச்சுவரின் நான்கு இலக்கத் தேதிப்படி புதிதோ, அதை வாங்குங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், காற்றழுத்தத்தை அளந்து கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.